நாற்பத்தெட்டு டிகிரி

— இன்னொரு தரம் படி. மெதுவாப் படி. ஏழாம் நம்பர் யாருது?

— எடெல்மிரா அக்கா, மூணு தரம் படிச்சாச்சு. ஏழாம் நம்பர் உன்னோட சீஸ். துனியாவோட செத்துப்போன குழந்தை ரத்தத்துல இருந்த கிருமி, யெசெனியா குழந்தைகிட்ட இருந்த கிருமி, ஏழாம் நம்பர்ல இருந்த கிருமி, மூணும் ஒண்ணு. ஒரே ஜாதின்னு சொல்லல. ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரி, ஒண்ணேதான்.

— டப்பா மாறியிருக்கும். தலைநகர்ல உங்க லேபுக்கு எத்தனை டப்பா வருது போகுது. யாரோ ஒருத்தி காப்பி குடிச்சிக்கிட்டே சீட்டை மாத்தி ஒட்டியிருப்பா.

— சீட்டு ஒட்டினது நான்.

— அப்ப உனக்குத்தான் கண்ணு தெரியல. இருபத்திரண்டு வருஷமா சீஸ் போடறேன், நோமி. இந்த ஊர்ல பாலைக் காய்ச்சிட்டு சீஸ் போடற ஒரே ஆளு நான். அதுவும் யார் சொல்லி? பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி காலேஜ் லீவுல வந்து, இதே மேசைல ஏறிக் குந்திக்கிட்டு, “அக்கா, பச்சைப் பால் வேணாம், அறுபத்திமூணு டிகிரி, அரை மணி நேரம்”னு என் உயிரை வாங்கினியே. அன்னைலேருந்து ஒரு நாள் தவறல. சுயாபா மாதா மேல ஆணையா தவறல. அந்த அரை மணியும் ஜெபமாலை சொல்லிக்கிட்டு தெர்மாமீட்டர் பக்கத்துலயே நிப்பேன்.

— தெரியும்.

— தொரிபியோ காய்ச்சறானா? மாட்டு மடிலேருந்து நேரா உறை ஊத்தறான். அவன் தொழுவத்தைப் பாத்திருக்கியா நீ? மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் உள்ள போகணும்.

— பாத்தேன். சாம்பிள் எடுக்க நாங்க வந்த அன்னைக்கு உள்ள போனேன். அவனோடது நாலாம் நம்பர். அதுல ஒண்ணும் இல்ல. சுத்தம்.

— சுத்தமா.

— அவன் மாடுங்ககிட்ட அந்தக் கிருமியே இல்லக்கா. இல்லாததைக் காய்ச்சிக் கொல்ல வேண்டியதில்ல.

— கதவைச் சாத்து.

— இந்த வெயில்ல கதவைச் சாத்தினா உள்ள வெந்துடுவோம்.

— வெந்தா வேகட்டும். எதிர்ல துனியா மாமியார் துணி காயப்போட்டுக்கிட்டிருக்கா. அவ காதுல விழற பேச்சா இது?

— சரி, சாத்திட்டேன். இப்ப சொல்லு. தொரிபியோ எங்க?

— போலீஸ் கொட்டடில. வெளிய விட்டா ஊரே கொன்னுடும்னு உள்ள வச்சிருக்காங்க. இன்னைக்கு ரெண்டு மணிக்கு ஜட்ஜுகிட்ட கொண்டு போறாங்களாம்.

— கை உடைஞ்சிருக்குன்னு பஸ்ல பேசிக்கிட்டாங்க.

— மணிக்கட்டு. ரெண்டு பசுவை வெட்டிட்டாங்க. ஒண்ணு சினை.

— யாரு?

— யாருன்னு கேட்டா? ஊரு. யெசெனியா புருஷன் இருந்தான், அவன் தம்பிங்க இருந்தாங்க, கோயில்ல பாட்டுப் பாடறவங்க இருந்தாங்க. எல்லாருந்தான்.

— நீ?

— நான் கல்லெடுக்கல.

— அதைக் கேக்கலக்கா.

— ரெண்டாவது குழந்தையைப் புதைச்சிட்டு வெளிய வரோம். சீஸ்லேருந்துதான் வந்திருக்கும்னு சுகாதாரத்துக்காரர் அன்னைக்குக் காலைலதான் சொல்லியிருந்தாரு. கல்லறை வாசல்ல எல்லாரும் திரும்பி என் மூஞ்சியைப் பாத்தாங்க. நான் என்ன பண்ணுவேன்? “நான் பாலைக் காய்ச்சறேன், அது எல்லாருக்கும் தெரியும், காய்ச்சாதவனைப் போய்க் கேளுங்க”ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். பேர்கூடச் சொல்லல.

— பேர் சொல்ல வேண்டியதில்லையே.

— வேண்டியதில்ல. நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள அவன் வீட்டுப் பக்கம் சத்தம் கேட்டுச்சு. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

— இங்க உக்காரு. ஒண்ணொண்ணாக் கேக்கறேன், ஒண்ணொண்ணாச் சொல்லு. மார்ச்சுக்கு அப்புறம் எதை மாத்தினே?

— எதையும் மாத்தல.

— உன் துணி, மேசை, அச்சு, உன் நகம் எல்லாத்தையும் துடைச்சு எடுத்துட்டுப் போனோம். அதெல்லாம் சுத்தம். நீ அடுப்புலேருந்து இறக்கின பாலை, ஆறுமுன்னாடி ஒரு குப்பில பிடிச்சேனே, அதுல இருக்கு. அடுப்புலேருந்து உயிரோட இறங்கியிருக்கு.

— அறுபத்திமூணுல எதுடி உயிரோட இருக்கும்? என் கையை விட்டா தோல் உரிஞ்சு வரும்.

— உன் தெர்மாமீட்டர் ரெண்டு டிகிரி கூட்டிக் காட்டுது. அது ஒரு தப்பு. ஆனா அந்த ஒண்ணால இது நடக்கல. லேப்ல அதே கிருமியை நேரா அறுபத்தொண்ணுல போட்டுப் பாத்தேன். அரை மணில ஒண்ணுகூட மிஞ்சல.

— அப்பறம் என்ன? என் சீஸ் இல்லன்னு நீயே சொல்றே.

— முத்தத்துல நிக்கிற பீப்பாயைப் பத்திச் சொல்லு.

— எந்தப் பீப்பாய்?

— கருப்பு பெயிண்ட் அடிச்ச பீப்பாய். கூரைத் தகரத்து மேல கருப்புக் குழாய் சுருண்டு கிடக்கு, அதோட முனை பீப்பாய்க்குள்ள இறங்குது. சாம்பிள் எடுக்க வந்தப்பவே அதைப் பாத்தேன்.

— அது குளிக்கறதுக்கு.

— நாப்பது டிகிரி வெயில்ல யாருக்கா வெந்நீர்ல குளிக்கறா?

— எனக்கு முட்டி வலி.

— அக்கா, என்னைப் பாத்துச் சொல்லு.

— பாலம் உடைஞ்சதுலேருந்து கேஸ் வண்டி இந்தப் பக்கம் வரதில்ல. காடு பத்திக்கிட்டதுலேருந்து விறகு வெட்டவும் விடறதில்ல. மாடு இதையெல்லாம் கேட்டுக்கிட்டா கறக்குது? காலைல ஆனா பால் வந்து நிக்குது. ஒரு சிலிண்டரை வச்சிக்கிட்டு ஆறு வாரம் ஓட்டியிருக்கேன். எப்படி ஓட்டினேன்னு ஒருத்தரும் கேக்கல.

— பீப்பாய்ல பாலைச் சூடு பண்ணி வச்சுக்கிட்டு, மிச்சச் சூட்டுக்கு மட்டும் அடுப்புல ஏத்தினே.

— ஆமா. கேனோட தண்ணிக்குள்ள இறக்கி வைப்பேன். வெயில் காசா பணமா. பாதிச் சூடு சூரியன் குடுக்கும், பாதிச் சூடு கேஸ் குடுக்கும். கடைசில அறுபத்திமூணுக்கு வந்துச்சா இல்லையா? அரை மணி நின்னுச்சா இல்லையா? எந்த வழியா வந்தா என்ன?

— எவ்வளவு நேரம் பீப்பாய்ல இருக்கும்?

— ஒன்றரை மணி. சில நாள் ரெண்டு.

— தண்ணி நாப்பத்தெட்டு டிகிரில நிக்கும்.

— நாப்பத்தேழு, நாப்பத்தெட்டு. அதுக்கு மேல ஏறாது.

— அந்தக் கிருமியை ரெண்டு பங்காப் பிரிச்சேன். ஒரு பங்கை நேரா அறுபத்தொண்ணுல போட்டேன்னு சொன்னேனே, அது செத்துப்போச்சு. இன்னொரு பங்கை முதல்ல ஒன்றரை மணி நேரம் நாப்பத்தெட்டுல வச்சேன். அப்புறம் அதே அறுபத்தொண்ணு, அதே அரை மணி. தட்டுல பரப்பி வச்சிட்டு ரெண்டு நாள் கழிச்சுத் திறந்தேன். புள்ளி புள்ளியா முளைச்சிருந்துச்சு. நிறைய இல்ல. வயித்துல பிள்ளை இருக்கறவளுக்கு நிறைய வேண்டாம்.

— சூடு வரப்போகுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? மூளையா இருக்கு?

— மூளை இல்ல. அதோட உடம்புக்குள்ள புரதங்க இருக்கு, ஆயிரக்கணக்குல. ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி மடிஞ்சிருக்கும். அந்த மடிப்பு இருந்தாத்தான் வேலை நடக்கும். சூடு ஏறினா மடிப்பு அவிழும், அவிழ்ந்ததுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். முட்டை வேகற மாதிரி. வெந்த முட்டையைப் பச்சை முட்டை ஆக்க முடியுமா?

— முடியாது.

— அதனாலதான் சாகுது. ஆனா மடிப்பைச் சரி பண்றதுக்குன்னே உள்ள சில ஆளுங்க உண்டு. ஆளுங்கன்னா அதுவும் புரதந்தான். வேலை இல்லாத நேரத்துல அவங்க ஒரு பூட்டைப் பிடிச்சிக்கிட்டு நிப்பாங்க. லேசாச் சூடு ஏறி அங்கங்க மடிப்பு அவிழுதுன்னா, அதைச் சரி பண்ண ஓடிடுவாங்க. பூட்டைப் பிடிக்க ஆள் இருக்காது, அது திறந்துக்கும். திறந்தா, “இன்னும் ஆளு உண்டாக்கு, நிறைய உண்டாக்கு”ன்னு உள்ள இருந்த கட்டளை வெளிய வந்துடும். அதுக்குச் சூடு தெரியறது அப்படித்தான். யாரும் வந்து சொல்றதில்ல. பூட்டுக்கிட்ட ஆள் இல்லன்னாலே ஆபத்துன்னு அர்த்தம்.

— நாப்பத்தெட்டுல அது சாகாதா?

— கஷ்டப்படும். சாகாது. அதுதான் விஷயமே.

— சூறாவளி வந்த வருஷம், முந்தின வாரம் ஆத்துல தண்ணி முட்டி வரைக்கும் வந்துச்சே. உனக்கு அப்ப அஞ்சு வயசு, உன்னை நான்தான் தூக்கிக்கிட்டுப் போனேன். அந்த முட்டித் தண்ணிக்குப் பயந்துதான் அப்பா நம்மளை மேட்டுக்கு ஏத்தினாரு. பெரிய தண்ணி வந்தப்ப நாம மேல இருந்தோம். அக்கரைக்கு அந்த முட்டித் தண்ணி வரல. அவங்க தூங்கிக்கிட்டிருந்தாங்க.

— அதேதான் அக்கா. நீ அதுக்கு முதல்ல முட்டித் தண்ணி காட்டினே.

— தினமும் காட்டியிருக்கேன். ஆறு வாரம். பாவி.

— அழாதே. இப்ப அழாதே.

— நான் அழல. நீ லேப்ல நாப்பத்தெட்டுல வச்சேன்னியே. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே வச்சிருக்கே. அப்ப பீப்பாய் யார் யோசனைன்னு உனக்கு ஞாபகம் இருக்கு.

— நான்தானே சொன்னேன். மார்ச் மாசம், போன்ல. கேஸ் இல்ல, பாலை மண்ணுல ஊத்தப்போறேன்னு நீ அழுதே. நான் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தேன். கருப்புக் குழாய் வாங்கு, கூரைல சுருட்டு, பீப்பாய்ல விடு, கேனை இறக்கு, நாப்பத்தஞ்சு அம்பது வரைக்கும் சும்மாவே வந்துடும்னு சொன்னேன். பஸ் வந்துச்சு, போனை வச்சிட்டேன். ரெண்டு நிமிஷப் பேச்சு. இந்தப் படிப்பைப் படிச்சவ நான். ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்.

— அதைச் சொல்ல வேண்டாம்னுதான் குளிக்கன்னு சொன்னேன்.

— எனக்காகவா பொய் சொன்னே?

— பின்ன யாருக்காக? எனக்கு முட்டி வலியெல்லாம் இல்ல.

— அக்கா.

— கேட்டுக்கோ. இந்தக் காகிதத்தை வேற யாரு பாத்திருக்காங்க?

— யாரும் பாக்கல. நேத்து மத்தியானம் முடிவு வந்துச்சு. உடனே மேலதிகாரி மேசைல வச்சிருக்கணும். பையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். காலைல காய்ச்சல்னு போன் பண்ணிட்டு முதல் பஸ் ஏறினேன்.

— ஏன்?

— தெரியல. உன்கிட்ட முதல்ல சொல்லணும்னு நினைச்சேன்.

— பொய். கிழிக்கத்தான் வந்திருக்கே. தனியாக் கிழிக்கத் தைரியம் இல்ல, அதான் என்கிட்ட வந்திருக்கே.

— அப்படியும் இருக்கலாம்.

— அப்ப கிழி. ஏழாம் நம்பர் டப்பா உடைஞ்சு போச்சுன்னு சொல்லு. நான் இன்னைக்கே பீப்பாயை உருட்டிப் பள்ளத்துல தள்ளிடறேன், இருக்கற சீஸ் பூராவும் புதைச்சிடறேன். இனிமே காய்ச்சவும் மாட்டேன், போடவும் மாட்டேன். உன் வேலை தப்பிக்கும். எனக்கு இந்த ஊர்ல தலைகாட்ட முடியும்.

— தொரிபியோ?

— அவனை ஒரு வருஷம் வைப்பாங்க. விட்டுடுவாங்க. அவனுக்குப் பொண்டாட்டி பிள்ளை இல்ல.

— கேளு, நீ என்ன பேசறேன்னு கேளு.

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு வாரமாத் தூக்கம் இல்லாம கேட்டுக்கிட்டிருக்கேன். அவனைப் பாத்து என்னைக்கும் நான் நல்ல வார்த்தை பேசினதில்ல, சரி. அதுக்காக அவன் பசு என்ன பண்ணுச்சு? எல்லாம் தெரியுது. ஆனா வெளிய போய் துனியா முன்னாடி நின்னு என்னன்னு சொல்றது? அவ கல்யாணத்துக்கு சீஸ் குடுத்தவ நான். அவ மாசமா இருந்தப்ப, ரத்தம் ஊறட்டும்னு வாரம் ஒரு கட்டி சும்மா குடுத்தேன். சும்மா குடுத்தேன், நோமி.

— இந்தா. காகிதம். நீயே கிழி. உன் கையால கிழி. நான் தடுக்க மாட்டேன்.

— குடு.

— கிழி.

— ஒண்ணு கேக்கறேன். சாப்பிட்டு எத்தனை நாள்ல தெரியும்?

— சிலருக்கு ஒரு வாரம். சிலருக்கு ஒரு மாசத்துக்கு மேலகூட. முதல்ல சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் வரும். முதுகு வலிக்கும். துனியா சளின்னு நினைச்சு வீட்லயே படுத்துட்டா.

— மருந்து இருக்கா?

— இருக்கு. புதுசா ஒண்ணும் இல்ல, எல்லா ஆஸ்பத்திரிலயும் இருக்கற ஊசி. யார் சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா போதும். டாக்டர் கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டு, காய்ச்சல் தொட்ட உடனே போட்டா பிள்ளையைக் காப்பாத்திடலாம். அம்மாவுக்கும் ஒண்ணும் ஆகாது. தெரியாமப் போனாத்தான்.

— தெரியாமப் போனா?

— அதான் ரெண்டு தரம் பாத்தோமே. ஏன்? என்ன ஆச்சு? ஏன் அப்படிப் பாக்கறே?

— பிரசவ விடுதி.

— என்ன பிரசவ விடுதி?

— மலைலேருந்து மாசமா வரவளுங்க, நாள் நெருங்கினதும் தங்கறாங்களே, சந்தைக்குப் பின்னாடி. இத்தனை வருஷமா தொரிபியோகிட்டதான் வாங்கினாங்க. அவனை உள்ள வச்சதுல சீஸ் தீர்ந்துபோய், நேத்து விடுதியை நடத்தற பஸ்தோரா என்னைத் தேடி வந்தா. காய்ச்சின பால்ல போட்டதுதான் வேணும், இவளுங்களுக்கு இனிமே நீதான் குடுக்கணும்னா. எனக்குப் பெருமையா இருந்துச்சு. இன்னைக்குக் காலைல ஆறு மணிக்கு நாலு கட்டி நானே தூக்கிட்டுப் போய்க் குடுத்துட்டு வந்தேன்.

— எத்தனை பேர் இருக்காங்க?

— பதினொண்ணு.

— நேத்து மத்தியானம் இது என் பையில இருந்துச்சு.

— நோமி.

— நேத்தே குடுத்திருந்தா நேத்து சாயங்காலமே ஊருக்குத் தகவல் வந்திருக்கும்.

— அப்பறம் தலைல அடிச்சிக்கோ. போன் எங்க? பஸ்தோரா நம்பர் சுவத்துல எழுதியிருக்கு பாரு. ஸ்பீக்கர்ல போடு.

— ஹலோ, பஸ்தோராங்களா? நான் நோமி பேசறேன், எடெல்மிராவோட தங்கச்சி.

— அட, தலைநகர் பொண்ணா? ஆண்டவர் புண்ணியத்துல நல்லா இருக்கியாம்மா? உங்க அக்காவுக்கு ஆயுசு நூறுன்னு சொல்லு. காலைல சீஸ் கொண்டு வந்து குடுத்தா. பீன்ஸும் ரொட்டியுமா, பொண்ணுங்க தட்டை நக்காத குறைதான்.

— சாப்பிட்டுட்டாங்களா?

— காலைச் சாப்பாடு ஏழு மணிக்கும்மா. மணி இப்ப பதினொண்ணு.

— எல்லாருமா?

— ஒன்பது பேர். ஒருத்திக்கு வாந்தி, ஒருத்திக்குப் பால் வாடை ஆகாது. மிச்சம் ரெண்டு கட்டி இருக்கு, மத்தியானத்துக்கு இப்பத்தான் வெட்டப்போறேன்.

— வெட்டாதீங்க. கத்தியைக் கீழ வைங்க. அந்த சீஸைத் தனியா மூடி வைங்க, யாரும் தொடக்கூடாது. சாப்பிட்ட ஒன்பது பேரையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், இன்னைக்கே. துனியாவுக்கு வந்த கிருமி அதுல இருக்கு.

— என்னம்மா உளர்றே? அது தொரிபியோ சீஸ்ல இருந்ததுல்ல?

— இல்லைங்க. லேப் முடிவு என் கையில இருக்கு.

— இரு இரு. நிறை மாசப் பொண்ணுங்க, ஒன்பது பேரு. இந்த வெயில்ல, உடைஞ்ச பாலத்தைச் சுத்தி, மூணு மணி நேரம் வண்டில குலுங்கிக்கிட்டுப் போகச் சொல்றே. நடுவழில ஒருத்திக்கு வலி எடுத்தா யார் பொறுப்பு? போன்ல ஒரு குரல் சொல்லுச்சுன்னு நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியுமா? தொரிபியோ ஆளுங்க யாராவது உன் பேர்ல பேசினாலும் எனக்கு எப்படித் தெரியும்? எடெல்மிரா பாலைக் காய்ச்சறவ. இந்த ஊருக்கே தெரியும். அவளே என்கிட்ட சொன்னா.

— நான் சொல்றதைக் கேளுங்க, தயவுபண்ணி.

— அவ சொல்லட்டும். அவ வாயால சொல்லட்டும், கேக்கறேன்.

— போனை இப்படிக் குடு, நோமி. காகிதத்தையும் பிடி, கிழிக்கல, பத்திரமா வச்சுக்கோ. பஸ்தோரா, நான்தான், எடெல்மிரா. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டு போலீசுக்கும் ஆள் அனுப்பு, தொரிபியோவை ஜட்ஜுகிட்ட கொண்டு போக வேண்டாம்னு சொல்லு, அந்த ரெண்டு குழந்தையும் என் சீஸாலதான் செத்துச்சு, எப்படின்னு யார் கேட்டாலும் என்னைக் கேக்கச் சொல்லு, என்னை மட்டும்.